தலையை மாற்றினால் மலை ஏறுமா?

மாத்தளை நகரில் 108 அடிக் கோபுரத்தோடு நிற்கிறது முத்துமாரியம்மன் கோவில். மாரியம்மன் பிறந்த கதை ஒரு தலைமாற்றக் கதை. தந்தை சொல்லுக்காகத் தாய் ரேணுகையின் தலையை வெட்டிய பரசுராமன், அவளை உயிர்ப்பிக்க வரம் வாங்கிக்கொண்டு ஓடிவருகிறான். வெட்டுண்டு கிடப்பவர்களோ இரண்டு பெண்கள். அவசரத்தில் தலை மாறிப் பொருந்திவிடுகிறது. ரேணுகையின் தலையும் இன்னொருத்தியின் உடலுமாய் எழுந்தவளே மாரி என்பார்கள். விக்கிரமாதித்தனிடம் வேதாளம் போட்ட புதிர் ஒன்றும் இதே வகைதான். தலைகள் மாறிப்போன இருவரில் அந்தப் பெண்ணுக்குக் கணவன் யார்? தலைக்கு உரியவனே என்றான் அரசன். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்.

கார் எஞ்சினுக்கும் தலை உண்டு. கராஜில் அதன் பெயரே ஹெட். பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வைத்திருப்பவருக்கு என்றைக்காவது ஒருநாள் அந்த ஆசை வந்தே தீரும்: இந்த ஹெட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய எஞ்சினின் ஹெட்டைப் பூட்டினால் என்ன? மாத்தளைக்காரருக்கு அந்த ஆசை பெரும்பாலும் லக்கல வீதியில்தான் பிறக்கும்.

மாத்தளை கடல்மட்டத்திலிருந்து 350 மீற்றரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இரத்தோட்டை வழியாகத் தேயிலைக்குள் புகுந்து, கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி, ரிவர்ஸ்டன் கணவாயின் காற்றுக்கும் மூடுபனிக்கும் ஏறி, மறுபக்கம் பிட்டவல பத்தனையின் புல்வெளியைத் தொட்டு, இலுக்கும்புர வழியாகப் பல்லேகமவை நோக்கி இறங்குகிறது வீதி. நக்கிள்ஸ் மலைத்தொடரை ஊடறுத்துப் போகும் பாதை இது. நாலு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய மைனர் இங்கே மூன்றாம் கியரில் முனகத் தொடங்கும். இரண்டாம் கியருக்கு இறக்கினால் கத்தும். பின்னால் வரும் பஸ் ஹோன் அடிக்கும். ஹெட்டை மாற்றினால் இந்த மானக்கேடு தீருமா?

முதலில் மலை என்ன கேட்கிறது என்று கணக்குப் பார்ப்போம். கார் ஏறத்தாழ 750 கிலோ. ஆட்களும் சாமான்களும் 300 கிலோ. பத்து மீற்றர் போனால் ஒரு மீற்றர் உயரும் சரிவில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் இந்த 1,050 கிலோவைத் தூக்கிக்கொண்டு போக, டயர் உராய்வையும் சேர்த்து, 13 குதிரைவலு போதும். 1956இல் வந்த 948 சிசி மைனர் 1000இன் எஞ்சின் 37 குதிரைவலு. கேட்பது 13, கையிருப்பு 37. பிறகு ஏன் முனகல்?

ஏனென்றால் அந்த 37, எஞ்சின் நிமிடத்துக்கு 4,750 தரம் சுழலும்போது மட்டுமே கிடைக்கிற தொகை. மூன்றாம் கியரில் 30 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் சுற்றுவது 1,750 தரம்தான். அந்தச் சுழற்சியில் அதனிடம் இருப்பது 16 குதிரைவலுவைப் போல. மலையில் காற்றின் அடர்த்தி குறைவு. ஆயிரம் மீற்றர் உயரத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு போய்விடும். கியர்பெட்டியும் பின் அச்சும் இன்னொரு பங்கைத் தின்னும். சில்லைப் போய்ச் சேர்வது 13க்கும் சற்றுக் குறைவு. கேட்பதும் 13. அரைக் குதிரைக்கு நடக்கிற இழுபறிதான் அந்த முனகல். இரண்டாம் கியருக்கு மாற்றினால் எஞ்சின் 3,000 சுற்றை நெருங்கும். சில்லுக்கு 22 குதிரைவலு வரும். வண்டி ஏறும், சத்தத்தோடு.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு தலைக்குள் நுழைவோம்.

எஞ்சின் என்பது அடிப்படையில் காற்றை இழுத்துத் தள்ளும் பம்ப். பெற்றோல் எத்தனை லீற்றர் வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்று உள்ளே வந்தால்தான் உண்டு. 3,000 சுற்றில் 948 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரத்து நூறு லீற்றரளவு காற்றைக் குடிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் 150 பேர் சேர்ந்து விடும் மூச்சு அது. பிஸ்டனும் சிலிண்டரும் நெஞ்சு என்றால், மூக்கும் தொண்டையும் ஹெட்டில் இருக்கின்றன. காற்று வரும் வழி, புகை போகும் வழி, இரண்டையும் திறந்து மூடும் வால்வுகள், நெருப்பு பற்றும் அறை, ஸ்பார்க் பிளக் எல்லாம் அந்த ஒரு வார்ப்பிரும்புக் கட்டிக்குள் அடக்கம். எஞ்சின் எவ்வளவு பெரியது என்பதைப் புளொக் தீர்மானிக்கும். அந்த அளவுக்கு அது மூச்சு விடுமா என்பதை ஹெட் தீர்மானிக்கும். 5,000 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் கீழே போய்க் காற்றை இழுக்கக் கிடைக்கும் நேரம் ஆறே மில்லிசெக்கன். இமை கொட்டுவதற்குள் இப்படிப் பல தடவை மூச்செடுத்து முடித்துவிடும்.

மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினியைப் படைத்தவரும் அவரே. முதல் மைனரின் 918 சிசி எஞ்சினில் வால்வுகள் ஹெட்டிலேயே இல்லை, புளொக்கின் பக்கத்தில் இருந்தன. ஹெட் வெறும் மூடி. குதிரைவலு 27 சொச்சம். 1952இல் ஒஸ்ரினும் மொறிசும் இணைந்து பிஎம்சி ஆனபோது, ஒஸ்ரின் ஏ30 காருக்காக 1951இல் வந்த 803 சிசி எஞ்சின் மைனருக்குள் வந்தது. இதுதான் ஏ-சீரீஸ். கொள்ளளவு 115 சிசி குறைந்தும் வலு 30 ஆக ஏறியது. வால்வுகள் தலைக்குப் போனதால் கிடைத்த ஆதாயம் இது. 803 பிறகு 948 ஆனது, 1962இல் 1,098 ஆனது, மினிக்குள் போய் 1,275 வரை வளர்ந்தது. 2000ஆம் ஆண்டில் பழைய மினி நிற்கும்வரை இந்தக் குடும்பம் ஓடியது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால் அண்ணன் தொப்பி தம்பிக்கும் ஓரளவு பொருந்தும். ஹெட் மாற்றும் கலையின் அஸ்திவாரமே இந்தப் பொருத்தம்தான்.

ஏ-சீரீஸ் ஹெட்டின் எரியறையை வடித்தவர் ஹரி வெஸ்லேக். மேலிருந்து பார்த்தால் இதய வடிவம். இரண்டு வால்வுகளுக்கிடையே பிளக்கை நோக்கி ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வரும் கலவையைச் சுழலவிட்டு நன்றாகக் கலக்க வைப்பது அந்த மூக்கு. அருமையான வேலை. ஆனால் மலிவான சின்னக் காருக்காகச் செய்த சிக்கனம் ஒன்றும் அதே ஹெட்டில் உண்டு. நாலு சிலிண்டருக்கு நாலு உள்வழி இல்லை, இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வழியைப் பங்கிடும். மூன்றும் நாலும் மற்றதை. புகை போக மூன்று வழி. ஆக ஐந்தே துளைகள், எல்லாம் ஒரே பக்கத்தில்.

இதில் ஒரு குடும்பச் சண்டை ஒளிந்திருக்கிறது. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1, 3, 4, 2. அதாவது இரண்டாவது மூச்செடுத்த கையோடு அதே வழியில் முதலாவது மூச்செடுக்கிறது. அதன் பின் அந்த வழி ஏறத்தாழ ஒரு முழுச் சுற்று சும்மா கிடக்கும். மறுபக்கம் மூன்றும் நாலும் இப்படியே. ஒரே போத்தலில் பால் குடிக்கும் இரட்டையர் கதை. ஒருத்தி முடிக்கும் முன்னமே மற்றவள் இழுக்கத் தொடங்குவாள். கலவை இருவருக்கும் சமமாகப் போய்ச் சேராது. எந்தத் தொழிற்சாலை ஹெட்டைப் பூட்டினாலும் இந்தச் சண்டை தீராது, ஏனென்றால் எல்லா ஏ-சீரீஸ் தொழிற்சாலை ஹெட்டிலும் அதே ஐந்து துளைதான். தீர்க்க வேண்டுமென்றால் வேறு குலத்தில்தான் பெண் எடுக்க வேண்டும். பிஎம்டபிள்யூ கே1100 மோட்டார்சைக்கிளின் பதினாறு வால்வு ஹெட்டை 1,275 மினி புளொக்கில் பொருத்தி ஓட்டியவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். காசும் பைத்தியமும் சம அளவில் வேண்டும்.

நம் கராஜ்களுக்கு எட்டுகிற தெரிவுகள் இரண்டு. டப்பட் கவரைக் கழற்றினால் ஹெட்டின் மேல் வார்ப்பு இலக்கம் தெரியும். பழைய இரும்பு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதை. 948 மைனரின் சொந்த ஹெட்டில் உள்வால்வின் விட்டம் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர். 12ஜி295 என்ற இலக்கமுள்ளது எம்ஜி 1100, மினி கூப்பர் 998 ஆகியவற்றிலிருந்து வருவது. உள்வால்வு 31 மில்லிமீற்றர். 12ஜி940 என்பது 1,275 எஞ்சினுடையது. 33 மில்லிமீற்றரைத் தாண்டும். விட்டம் மூன்று மில்லிமீற்றர் கூடினால் தொண்டையின் பரப்பு நாலில் ஒரு பங்கு கூடும். கேட்க இனிக்கிறது. ஆனால் வால்வு எவ்வளவு உயரம் எழும்பும் என்பது கீழே காம் ஷாஃப்டின் கையில். எழும்பிய வால்வின் விளிம்பைச் சுற்றிக் காற்று நுழையும் இடைவெளி கூடுவது பத்தில் ஒரு பங்குதான். கதவை அகலமாக்கிவிட்டுச் சங்கிலி போட்டு ஒருக்களித்து வைத்தது போல.

இனி வரும் கணக்கைத் தெரியாமல் காசைக் கரியாக்கியவர்கள் பலர். பெரிய வால்வுள்ள 12ஜி295இன் எரியறையும் பெரியது, 28.3 சிசி. 948இன் சொந்த அறை 24.5. ஒரு சிலிண்டர் இழுப்பது 237 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அது நெரிபடும் இடம், கஸ்கட் தடிப்பையும் சேர்த்து, 32.5 சிசி. ஆக அமுக்க விகிதம் 8.3க்கு 1. புது ஹெட்டைப் பூட்டியதும் அந்த இடம் 36.3 ஆகிவிடும், விகிதம் 7.5க்கு இறங்கும். நெருக்கி எரித்தால்தான் நெருப்பின் வெப்பத்தில் கூடுதல் பங்கு வேலையாக மாறும். இங்கே நெருக்கம் தளர்ந்துவிட்டது. பெரிய மூக்கை வாங்கி வந்து நெஞ்சுக்கூட்டைத் தளர்த்திய கதை. அதனால் ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அடிப்பக்கத்தைச் சீவ வேண்டும். ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டரை சிசி குறையும் என்று வைத்தால், பழைய விகிதத்துக்குத் திரும்பவே ஒன்றரை மில்லிமீற்றர் போக வேண்டும். அறையின் கொள்ளளவை அளப்பது எளிது. வால்வையும் பிளக்கையும் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, ஓட்டை போட்ட கண்ணாடித் தகட்டை கிறீஸ் தடவி ஒட்டி, சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தால் போதும். எத்தனை மில்லிலீற்றர் போனதோ அத்தனை சிசி. நாலு அறையும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்காமல் பூட்டுவது சோம்பேறித்தனம்.

விகிதத்தை ஏற்றுவதால் கிடைப்பது எவ்வளவு? ஏட்டுக் கணக்கின்படி 8.3ஐ 9.5 ஆக்கினால் நூற்றுக்கு நாலுதான் ஆதாயம். நூறு பேச்சு, நாலு வீதம். அதற்குக் கொடுக்கும் விலை நொக். பிளக் மூட்டிய நெருப்பு வந்து சேரும்வரை காத்திராமல் கலவை ஒரு மூலையில் தானாக வெடித்து, கல்லை டப்பாவுக்குள் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் கேட்கும். விட்டால் பிஸ்டனைத் தின்றுவிடும். இதைத் தாங்கும் பொறுமையின் அளவுதான் பெற்றோலின் ஒக்டேன் எண். இலங்கையில் விற்பனையாவது 92உம் 95உம். இங்கே லக்கலப் பாதை ஒரு விளையாட்டுக் காட்டும். மேலே காற்று இலேசு என்பதால் சிலிண்டருக்குள் நெருக்கடியும் குறைவு; கணவாயில் நொக் இல்லாமல் ஓடிய, விகிதம் ஏற்றிய ஹெட், கொழும்பின் வெக்கையில் சன நெரிசலுக்குள் கல்லைக் குலுக்கத் தொடங்கும். மலையில் டியூன் பண்ணி மலையிலேயே மெச்சிக்கொண்டவர் பலர்.

12ஜி940இன் அறை சின்னது, 21.4 சிசி. 948இல் பூட்டினால் விகிதம் தானாகவே 9ஐத் தொடும், சீவல் வேலை மிச்சம். ஆனால் வேறொரு வினை காத்திருக்கிறது. அது 70.6 மில்லிமீற்றர் துளைக்கென்று வார்க்கப்பட்ட ஹெட். நம் புளொக்கின் துளை 63 மில்லிமீற்றருக்கும் குறைவு. புகைவால்வு கீழே இறங்கினால் சிலிண்டருக்குள் போகாமல் புளொக்கின் விளிம்பில் முட்டும். அந்த விளிம்பைப் பிறை வடிவில் வெட்டிப் பொக்கட் எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணினால், முதல் சுற்றிலேயே வால்வு வளைந்து கதை முடியும். பரசுராமனுக்குக் கூட இந்தச் சிக்கல் வரவில்லை. அவன் ஒட்டிய தலைக்கும் உடலுக்கும் கழுத்தளவு சரியாக இருந்தது.

என் வாக்கு 295க்கே. முட்டாது; புளொக்கை வெட்ட வேண்டாம்; பிழைத்தால் பழைய ஹெட்டைத் திரும்பப் பூட்டலாம்.

ஆனால் பூட்டினால் லக்கல மேட்டில் என்ன ஆகும்? பிஎம்சியே ஒரு பரிசோதனையைச் செய்து வைத்திருக்கிறது. அதே 1,098 சிசி. மொறிஸ் 1100இல் சின்ன ஹெட்டும் ஒற்றைக் காபரேட்டரும், எம்ஜி 1100இல் 295 ஹெட்டும் இரட்டைக் காபரேட்டரும். முதலாவது 5,100 சுற்றில் 48 குதிரைவலு. இரண்டாவது 5,500 சுற்றில் 55. ஏழு குதிரை கூடியது. முறுக்குவிசையைப் பார்த்தாலோ இரண்டும் 2,500 சுற்றில்தான் உச்சம் தொடுகின்றன, அளவும் ஏறத்தாழ ஒன்றுதான். கூடிய ஏழும் மேல் சுழற்சியிலேயே குடியிருக்கின்றன. நம் மைனர் மூன்றாம் கியரில் முனகுவதோ 1,750இல். அங்கே காற்று நிதானமாகத்தான் வருகிறது. சின்ன வால்வே அதற்குத் தாராளம். சில வேளை பெரிய வழி கெடுதலும் செய்யும். விறகடுப்பில் ஊதுகுழலால் ஊதிப் பழகியவர்களுக்கு இது தெரியும்: குழாய் ஒடுக்கமாக இருந்தால்தான் காற்றுக்கு வேகம். அகலமான வழியில் காற்று சோம்பி நடந்தால், பெற்றோல் துளிகள் மிதக்காமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும்; கீழ்ச் சுழற்சியில் எஞ்சின் விக்கும்.

அதனால் ஹெட் மாற்றத்தின் சொர்க்கம் மேட்டுவீதி அல்ல, மேட்டுப் பந்தயம். நுவரெலியாவில் 1934 முதல் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடந்துவருகிறது. அங்கே ஓட்டுபவர் எஞ்சினை எப்போதும் உச்சச் சுழற்சியிலேயே வைத்திருப்பார்; ஏழு குதிரையும் அவருக்கு முழுதாகக் கிடைக்கும். மாமியாரைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு இலுக்கும்புரவுக்குப் போகிறவர் 5,500 சுற்றைத் தொடப் போவதில்லை. அவருக்கு உதவுவது 1,098 புளொக். அதன் முறுக்கு 948ஐவிட ஐந்தில் ஒரு பங்கு கூட. அந்த முனகும் மூன்றாம் கியரிலேயே 13க்குப் பதில் 15 குதிரைவலுவை அது சில்லுக்கு அனுப்பும். தலையை விட்டு உடம்பை மாற்று என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வேதாளத்துக்குச் சொன்ன பதில் இங்கே எடுபடவில்லை.

நம் நாட்டில் பலர் அதையும் தாண்டிப் போய்விட்டார்கள். மைனரின் பொனட்டைத் திறந்தால் உள்ளே நிஸ்ஸான் எஞ்சின் உட்கார்ந்திருப்பது சாதாரணக் காட்சி. நிஸ்ஸானும் அந்நியன் அல்ல. 1950களில் ஒஸ்ரினிடம் அனுமதி வாங்கி ஒஸ்ரின் கார்களையே கட்டித் தொழில் படித்த கம்பனி அது. 1966இல் அது தன் சின்ன எஞ்சினைச் செய்தபோது ஹெட்டை வார்ப்பிரும்பில் அல்ல, அலுமினியத்தில் வார்த்தது. எடையும் குறைவு, சூட்டையும் சீக்கிரம் கடத்தும். அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டுக் காலத்திலும், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகும், இருப்பதை வைத்து ஓட்டியவர்கள்தானே நாம். மைனரின் தகரப் பாகங்களைக் கையால் அடித்து இங்கிலாந்துக்கே அனுப்பிய காலமும் உண்டு: 1990களில் பாத் நகரின் மைனர் வியாபாரி சார்ள்ஸ் வெயார் இலங்கைப் பங்காளியோடு நடத்திய டியூரபிள் கார் கம்பனி.

அப்படியானால் ஹெட்டைத் தொடவே வேண்டாமா? தொடத்தான் வேண்டும், வேறு காரணத்துக்காக. 2002இல் இலங்கைப் பெற்றோலில் ஈயம் நிறுத்தப்பட்டது. நம் நுரையீரலுக்கு நல்ல செய்தி. பழைய ஹெட்டுக்கு அல்ல. வார்ப்பிரும்பிலேயே வெட்டிய வால்வு இருக்கைகளுக்கு ஈயம் ஒரு மெல்லிய மெத்தையாக இருந்தது. அது போனபின், நீண்ட ஏற்றத்தில் செஞ்சூடாகும் புகைவால்வு இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று உள்ளே புதையும். இடைவெளி மறைந்து வால்வு முழுதாக மூடாமல் போகும், அமுக்கம் ஒழுகும். ஹெட் கழன்று வந்த நாளில் கடின எஃகு வளையங்களை அடித்து ஏற்றிவிடுவது ஏழு குதிரைவலுவைவிட மேல்.

ஹெட்டைக் கழற்றுவது லேசு, திரும்ப இறுக்குவதில்தான் தொழில் இருக்கிறது என்பார்கள் பாஸ்மார். ஒரு மூலையிலிருந்து இறுக்கிக்கொண்டே போனால் இரும்பும் வளையும், கஸ்கட்டும் ஒரு பக்கம் சுருங்கும். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக மாறி மாறி, ஒரே மூச்சில் அல்லாமல் இரண்டு மூன்று சுற்றாக, 40 அடி-இறாத்தல் வரை போக வேண்டும். பிறகு வால்வு இடைவெளி: ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. ஹெட்டைச் சீவியிருந்தால் தள்ளுதண்டுகள் இப்போது அந்த அளவுக்கு நீளம் கூடியவை போல் நிற்கும். முதலில் எல்லாவற்றையும் தளர்த்தி வைக்காதவர் வால்வைத் திறந்தபடியே விட்டுவிடுவார். கொஞ்ச நாள் ஓடியபின் எஞ்சின் ஆறட்டும் என்று விட்டு மறுபடி இறுக்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கலுக்கு வண்டியைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் குறைவு. கணவாயில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நிற்கும் வண்டிகளில் சில இப்படி வந்தவை.

உச்சி தாண்டி, காற்று பொனட்டை அசைக்கும் அந்த இடத்தைக் கடந்து, பிட்டவல பத்தனைப் பக்கம் இறங்கும்போது அதே இரண்டாம் கியர் பிரேக் வேலை பார்க்கும். அமுக்கம்தான் வண்டியைப் பிடிக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அமுங்கிய காற்று சுருள்வில்லைப் போல. வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். வண்டியைப் பிடிப்பது காபரேட்டரில் மூடிக் கிடக்கும் தகடு. பிஸ்டன்கள் நாலும் காற்றை இழுத்து இழுத்துப் பார்க்கின்றன, வருவது சொற்பம். இவ்வளவு நேரம் எந்த மூச்சுக்காக ஹெட்டை மாற்றலாமா என்று யோசித்தோமோ, அதே மூச்சைத் திணறவைத்தபடியே மைனர் இலுக்கும்புரவை நோக்கி இறங்குகிறது.